வாக்குக் கேட்கும் நீதிபதிக்கு, பெண்ணைப் பெற்றவன் எழுதுவது

பீலெஃபெல்ட், ஜெர்மனி,
வைகாசியில் ஒரு மழை நாள்.

பெருமதிப்புக்குரிய மைத்துனர், நீதிபதி ரகுநாதன் அவர்களுக்கு,

நானும் உமது அக்கா மங்கையற்கரசியும் சுகம். உமது சுகத்துக்காகக் கோயிலில் அர்ச்சனையும் செய்தாயிற்று. ஐயர் நட்சத்திரம் கேட்டபோது உம்முடையது நினைவு வராமல் என்னுடையதைச் சொல்லிவிட்டேன். பலன் வந்துசேரக் கொஞ்சம் பிந்தலாம்.

எங்கள் சிவசக்திக்கும் கொலோன் கார்த்திகனுக்கும் மனம் ஒத்துப்போய், கலியாணப் பதிவுக்கு நாள் கேட்டு டெர்மினும் எடுத்தது உமக்குத் தெரியும். கார்த்திகனின் அப்பா பாலச்சந்திரன் அண்ணை ஊரில் நீதிமன்ற இலிகிதராக இருந்தவர். பெண்ணின் மாமன் அமெரிக்காவில் நீதிபதி என்றதும் எழுந்து நின்றே தேநீர் குடித்தார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். நீர் முதலில் மாநிலச் சட்டசபைக்குப் போனது, பிறகு நீதிபதியானது, அதை விட்டுச் செனட்டுக்கு நின்று தோற்றது, இப்போது மறுபடி நீதிபதிப் பதவிக்குத் தேர்தலில் நிற்பது என்று எல்லாவற்றையும் பெருமையாக அவிழ்த்துவிட்டேன், கார்த்திகனும் உதவி செய்வதாக நினைத்து உமது காணொளியைக் காட்டினான், அதில் நீர் ஏதோ சந்தையில் ஏப்ரன் கட்டிச் சோளம் சுட்டுக் கொடுத்து வாக்குக் கேட்கிறீர். அண்ணை கோப்பையை வைத்துவிட்டார்.

"எங்கடை நீதவான் கலியாண வீட்டிலை தண்ணிகூடக் குடிக்கமாட்டார். இவரிட்டைச் சோளம் வாங்கினவன்ரை வழக்கு வந்தா என்ன செய்வார்? நான் யோசிக்கவேணும்."

கலியாணம் இப்போது அந்த யோசனையில் தொங்குகிறது. கொலோனிலிருந்து திரும்பும் ரயிலில் சிவசக்தி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடினேன். மூடியதும் நீர் வந்தீர். கறுப்பு அங்கியோடு எங்கள் தெருவில் மெல்ல மிதந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறீர். மழை பெய்கிறது, நீர் நனையவில்லை. கதவு திறப்பவர்கள் எல்லாம் நித்திரையில் சிரிக்கும் பிள்ளைகள் போலச் சிரிக்கிறார்கள். என் கதவையும் தட்டி, "அத்தான், உங்கடை தீர்ப்பு என்ன?" என்கிறீர். வாயெடுத்தால் சத்தம் வரவில்லை. சுகமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அதற்குள் பீலெஃபெல்ட் வந்துவிட்டது.

ஆகவே கையெடுத்துக் கேட்கிறேன் மச்சான், இந்த முறை விலகிவிடும். பதவி பிறகும் வரும். "மாமான்ரை பிழைப்பிலை கை வைக்காதேங்கோ அப்பா, கார்த்திகன் வீட்டாருக்கு ஏலாதெண்டா விடட்டும்" என்கிறாள் சிவசக்தி. சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

உமது வீட்டில் எல்லோரும் நோய்நொடி அண்டாமல் நிறைந்து வாழ, அக்காவின் ஆசியையும் இதிலேயே மடித்து வைத்து,

அன்பு அத்தான்
இராசலிங்கம்

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடும், திருப்பி எழுதக் கை ஏலாது. விலகவும் வேண்டாம். பாலச்சந்திரன் அண்ணை இப்போதுதான் தொலைபேசி எடுத்தார். கொலோனில் தங்கள் தமிழ்ச் சங்கத்தில் தலைவர் பதவிக்கு அவர் நிற்கிறாராம். கலியாணத்தைச் சங்க வாக்களிப்புக்கு முந்தின சனிக்கிழமை வைத்தால் அங்கத்தவர் அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்களாம். "நீதிபதி மச்சானைக் கட்டாயம் வரச்சொல்லுங்கோ. எனக்காக ரெண்டு வார்த்தை பேசட்டும், அவர் வாக்குக் கேட்டுப் பழகினவர்தானே" என்றார். சிவசக்தி எழும்பிவந்து சோறு கேட்டாள். உமது தேர்தலில் நீர் வென்றாலும் தோற்றாலும் எனக்கு இனிக் கவலையில்லை. அண்ணை மட்டும் தோற்கக்கூடாது.