மஃப்டிக் குயிலும் புளியமரத்துக் கூடும்

ஒரு காட்டில் ஊமத்தங்காய் விற்கத் தடை இருந்தது. ஆகையால் அது எல்லா மரத்திலும் கிடைத்தது. ஒரு காய் தின்றால் அணில்கூடத் தன்னைப் புலி என்று நினைத்துக்கொள்ளும். புலிகள் இதை விரும்பவில்லை.

விற்பவர்களைப் பிடிக்க சப்-இன்ஸ்பெக்டர் குயில் மஃப்டியில் காகமாக அலைந்தார். கறுப்பு உடம்பு ஏற்கெனவே இருந்தது. சிவந்த கண்ணை மறைக்க ஒரு கூலிங் கிளாஸ் போதுமாயிருந்தது. ஒருநாள் அந்தி மயங்கும் நேரத்தில் ஏதோ ஒரு காகத்திடம் காய் வாங்கினார். ஒரு வாரம் கழித்து ஸ்டேஷனில் ஒரே ஒரு போட்டோவைக் காட்டி, "இவன்தானே?" என்றார்கள். மேலதிகாரி கேட்டால் வேறு யாராக இருக்க முடியும்? "இவனேதான்" என்றார் குயில். புளியமரத்துக் காகம் கரிமேகனுக்குப் பத்து வருஷம் கூண்டு.

பாவம், கரிமேகன் அன்று கல்யாண வீட்டு எச்சில் இலையில் அப்பளம் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் தாய், பிடித்தால் விடாத வக்கீலாகப் பார்த்து, உடும்பை அமர்த்தி மேல்முறையீடு செய்தாள்.

நீதிபதி யானை கேட்டார்: "காகமெல்லாம் ஒரே மாதிரி இருக்குமே. இவன்தான் என்று எப்படிச் சொல்கிறீர்?"

"ஐயா, விற்றவன் அந்தப் புளியமரத்துக் கூட்டில் வளர்ந்தவன். சத்தியமாகச் சொல்வேன். அந்தக் கூடு எனக்கு அத்துப்படி" என்றார் குயில். எப்படி அத்துப்படி என்று மட்டும் சொல்லவில்லை.

உடும்பு பிடித்துக்கொண்டது. "அப்படின்னா அடையாள அணிவகுப்பு வைங்க ஐயா. வளர்த்த தாயாலேயே பிரிச்சுச் சொல்ல முடியுதான்னு பார்ப்போம்."

போலீஸ் கூப்பிட்டால் எந்தக் காகம் வரும்? படிக்காசு தருவதாகச் சொன்ன பிறகுதான் நாலைந்து பேர் வந்தார்கள். அப்படியும் ஓர் ஆள் குறைந்தது. குயிலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார்.

தாய்க் காகம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கரிமேகனைத் தாண்டினாள். கடைசியில் நின்றவரைக் கட்டிக்கொண்டு கதறினாள். "ராசா! இறக்கை முளைச்சதும் சொல்லாமக் கொள்ளாமப் பறந்துட்டியேடா!"

"அம்மா, நான் இங்க இருக்கேன்" என்றான் கரிமேகன்.

"நீ சும்மா இருடா."

"ஐயா, நான் குயில்! போலீஸ்!" என்று அலறினார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எங்கே, கூவிக் காட்டும்" என்றார் யானை.

குயில் வாயைத் திறந்தார். வருஷக்கணக்கான மஃப்டிப் பழக்கம். "கா" என்றுதான் வந்தது.

விற்றவன் அந்தக் கூட்டில் வளர்ந்தவன் என்பது போலீஸ் சாட்சி. அங்கே வளர்ந்தவன் இவன் என்பது தாயின் சாட்சி. கரிமேகன் விடுதலையானான். கூண்டைக் காலியாக விடும் வழக்கம் இல்லாததால் குயிலை உள்ளே போட்டார்கள். உண்மையில் காய் விற்ற காகம் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தது. அது தன் படிக்காசை வாங்கிக்கொண்டு பறந்துபோனது.

வெளியே வந்ததும் உடும்பு மெல்லக் கேட்டது: "ஏம்மா, உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

"முட்டையிலேயே தெரியும், வக்கீலய்யா" என்றாள் தாய். "இருந்தும் ஊட்டி வளத்தேன். ஒரு நாளாவது எட்டிப் பாத்தானா? இனிமே பத்து வருஷம் தினமும் பாக்கலாம்."

சொல்லிவிட்டு, ஒரு சோற்றுருண்டையைக் கவ்விக்கொண்டு கூண்டுப் பக்கம் போனாள். அவளைக் கண்டதும் குயில் பழைய வழக்கப்படி வாயைத் திறந்தார்.

நீதி: அடுத்தவனை அடையாளம் காட்டக் கோர்ட்டுக்குப் போகுமுன், வளர்த்தவளை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரவும்.