இரும்பனின் ஆயுளும் என் தலைமுடியும்

ஆடி பிறந்த அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இரும்பன் சாகக் கூடாது. என் உயிரைக் கொடுத்தாவது அவன் உயிரைக் காப்பாற்ற வேண்டும்.

உயிரைக் கொடுப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை. அதற்கு முந்தின இரண்டு மாதத்தில் அவன் கையால் அறுபது தடவைக்கு மேல் செத்திருந்தேன்.

இரும்பன் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் மச்சினன் பிரபாகரன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது, டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுப் போனான். கூடவே ஒரே ஒரு சிடி. அந்த விளையாட்டில் நாம் ஒரு வாள்வீரன். காடு, சுடுகாடு, பாழடைந்த கோட்டை என்று அலைந்து, எதிரே வருகிறவனையெல்லாம் வெட்டி, பலம் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கோட்டைக்குள் ஒரு பெரிய கதவு. தள்ளினால் மண்டபம். மண்டபத்துக்குள் தலை முதல் கால் வரை இரும்பு போர்த்திய ஒருவன், இரண்டு ஆள் உயரம், கையில் அம்மிக்கல்லைவிடப் பெரிய சம்மட்டி. அவனுக்கு நான் வைத்த பெயர் இரும்பன். இந்த மாதிரிப் பெரிய எதிரிக்கு ‘பாஸ்’ என்று பெயராம். நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் சூப்பர்வைசர். ஆக, பகலில் ஒரு முதலாளி, சாயந்திரம் ஒரு முதலாளி. பகல் முதலாளி வாயால் மட்டும் அடிப்பார்.

இத்தனை தடவை என்னைக் கொன்றவனை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்? அதற்கு என் தலைமுடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முப்பத்தெட்டு வயதில் தலையில் சீப்பு போகிற ஒரே ஆண் நான்தான். என் அண்ணன்மார் இருவர். இருவரும் இருக்கன்குடிக்குப் போய் மொட்டை போட்டார்கள். இருவருக்கும் திரும்ப முளைக்கவே இல்லை. அவர்களுக்கு அதற்கு முன்பே கொட்ட ஆரம்பித்திருந்தது என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். எனக்குக் கண் முன்னால் இரண்டு வழுக்கை இருக்கிறது.

2006-இல் எனக்கு டைபாய்டு வந்து விருதுநகர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். நான் நினைவில்லாமல் கிடந்த நேரம் பார்த்து என் மனைவி செல்லத்தாய், என்னைக் கேட்காமலே, என் தலையை இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். பிழைத்தேன். பிழைத்த முதல் ஆடியில் காலில் ஆணி என்றேன். இரண்டாவது ஆடியில் அச்சகத்தில் லேபிள் ஆர்டர் தலைக்கு மேல் என்றேன். இது மூன்றாவது ஆடி. கையில் காரணம் எதுவும் இல்லை.

ஆடி பிறந்த அன்று நான் வழக்கம்போல் இரும்பனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வீட்டு ராமுத்தாய் அக்காவும் கூட வந்திருந்தார். ஆள் பலத்தோடு வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

“இந்த ஆடியாவது போயிட்டு வந்துருவமா?”

“போவோம் புள்ள. ஆனா இவன் ஒருத்தன் உயிரோட இருக்கையில, நான் போயி ஒருத்தர்ட்ட தலையைக் குனிஞ்சு குடுக்கிறது மரியாதையா இருக்குமா?” டிவியைக் காட்டினேன்.

“அப்ப இவன் செத்தா?”

“செத்த மொத வெள்ளிக்கெழமை மொட்டை.”

“ஆத்தா மேல சொல்லுங்க.”

சொன்னேன். ராமுத்தாய் அக்காவும் சாட்சிக்குத் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. இரும்பனைக் கொல்வது என் கையில் இருக்கிறது. நான் கொல்லவே போவதில்லை. இரும்பன் இருக்கிறவரை என் முடி இருக்கும். மூன்று ஆடிக்கு மூளையைக் கசக்கியவன், முப்பது ஆடிக்கு ஒரேயடியாகக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன்.

வேண்டுமென்றே தோற்பது லேசான காரியம் இல்லை. செல்லத்தாய் தினமும் கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். அவள் நம்பும்படி தோற்க வேண்டும். பல்லைக் கடித்து, எழுந்து நின்று, “விட்டேனா பார்” என்று கத்தி, பிறகு சம்மட்டிக்கு நேராகப் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களை அமுக்கியதில், கண்ணைத் திறந்தால் இரும்பனுக்கு இன்னும் ஒரு வெட்டு அளவுக்குத்தான் உயிர் பாக்கி. எனக்கு வியர்த்துவிட்டது. தலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த நிமிடம் கரண்ட் போனது. கரண்ட் போனதற்காக மின்வாரியத்தை மனதாரக் கும்பிட்டவன் அந்த வருஷம் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் செல்லத்தாய் கேட்டாள். “வழியில எம்புட்டுப் பேரை வெட்டுறீக. ஒருத்தன் மூஞ்சியும் நெனப்புல நிக்கல. இவனை மட்டும் தூக்கத்துலயும் திட்டுறீகளே, இவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?”

இப்படி ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் பெட்டியை நிறுத்திவிட்டு விளக்கினேன். அந்தப் பெரிய கதவு மெதுவாகத்தான் திறக்கும். உள்ளே போனதும் கொட்டுச் சத்தம் ஆரம்பிக்கும். பாதி உயிர் போனதும் இரும்பன் தலைக்கவசத்தைக் கழற்றி வீசுவான். கொட்டும் மாறும், அவன் வேகமும் மாறும். எல்லாவற்றுக்கும் மேலே, நம்மைச் சும்மா விட்டவனை நாம் எதற்கு நினைத்துக்கொண்டிருக்கப் போகிறோம், அறுபது தடவை கொன்றவனைத்தான் மறக்க முடியாது என்றேன்.

அவள் கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். “அவன் ஓங்குறதுக்கு முன்னாடி எடது தோள் லேசா ஆடுதே, அது எதுக்கு?”

“அதுவா, சும்மா அழகுக்கு.”

“ம்” என்றாள். பிறகு எந்தப் பொத்தான் வெட்டுவதற்கு, எந்தப் பொத்தான் உருளுவதற்கு என்று கேட்டாள். எல்லாம் காட்டிக்கொடுத்தேன். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம் கழித்து, புருஷனுக்குப் பிடித்ததில் பெண்டாட்டிக்கு ஓர் அக்கறை வந்திருக்கிறது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் விளங்காத காரியங்கள் நடக்க ஆரம்பித்தன. நான் சுருட்டி வைத்த வயரை வேறு விதமாக யாரோ சுருட்டியிருந்தார்கள். உருளுகிற பொத்தானில் மஞ்சள் கறை இருந்தது. என் வாள்வீரன் பையில் ஒன்பது மருந்துக்குப்பி வைத்திருந்தேன். ஒரு நாள் திறந்தால் நாலு. நான் ஒன்றுகூடக் குடிக்கவில்லை. சாகிறவனுக்கு மருந்து எதற்கு?

எங்கள் அச்சக எலக்ட்ரீசியன் சங்கிலிமுத்துவிடம் கேட்டேன். அவன் நெடுநேரம் யோசித்தான்.

“வோல்டேஜ் ஏறி எறங்குதுல்லண்ணே. உள்ள இருக்கிற மருந்து ஆவியாயிருக்கும்.”

நியாயமாகத்தான் பட்டது. நம்பினேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை. அச்சகத்திலிருந்து ஏழு மணிக்கு வந்து பெட்டியைப் போட்டேன். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே போனேன். கொட்டுச் சத்தம் இல்லை. மண்டபத்தின் நடுவில் சம்மட்டி மட்டும் கிடந்தது. இரும்பன் இல்லை. மூலை மூலையாக ஓடித் தேடினேன். எங்கேயும் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு முதலில் முடி ஞாபகம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவனைப் போல என்னை மதித்து அடித்தவன் யாரும் இல்லை.

“ஏ புள்ள, இரும்பன் செத்துட்டான்.”

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அடப்பாவமே. நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தான்.”

“யாரு கொன்னது?”

“வீட்டுல நீங்களும் நானுந்தான் இருக்கோம். அந்தச் சண்டை தெரிஞ்சவுக நீங்கதான். அன்னைக்குக் கண்ணை மூடிட்டுக் குத்துனீகளே, அப்பவே செத்திருப்பான். இன்னைக்குத்தான் வெளிய தெரியுது.”

எனக்குத் தலை சுற்றியது. நான் கொன்றேனா? எப்போது கொன்றேன்? மண்டபத்துக்குப் பின்னால் இன்னொரு கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு தலை, எட்டுக் கால், தோளே இல்லாத ஒன்று என்னைப் பார்த்தது. நான் கண்ணை இமைப்பதற்குள் செத்துவிட்டேன். பெட்டியை அணைத்தவன், அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அதைத் தொடவில்லை. துக்க வீட்டில் விளையாடுவார்களா?

ராமுத்தாய் அக்காவிடம் விசாரித்துப் பார்த்தேன். தினமும் நாலு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்கும் என்றும், சாமி பாட்டு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகவும் சொன்னார். நாலு மணிக்கு நான் அச்சகத்தில் இருப்பேன். செல்லத்தாய் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிற வேலை முடிந்து அப்போதுதான் வந்து அலுப்பாக உட்கார்ந்திருப்பாள். அப்படியென்றால் பெட்டி தானாக ஓடியிருக்கிறது. சங்கிலிமுத்துவும் அதைத்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை சாத்தூர் வழியாக இருக்கன்குடி போய்ச் சேர்ந்தோம். சரியான கூட்டம். மொட்டைக்குச் சீட்டு வாங்கி, முடியெடுக்கிறவர் முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். வலது பக்கம் முழுக்க வழித்து முடித்த பிறகுதான் செல்லத்தாய் என் காதருகே குனிந்தாள்.

“நான்தாங்க அவனைக் கொன்னேன்.”

துள்ளி எழப் பார்த்தேன். பாதித் தலையோடு எங்கே ஓடுவது? உட்கார்ந்தேன்.

“நீயா? எப்பிடி?”

“எங்க கம்பெனியில ஒவ்வொரு வெடிக்கும் திரி ஒரு அளவு. பத்துனா எம்புட்டு நேரம் இருக்குன்னு எனக்குக் கண்ணைக் கட்டிட்டாலும் தெரியும். இவனும் வெடிதாங்க. எடது தோள் ஆடுச்சுன்னா திரி பத்திருச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலுல சம்மட்டி விழும். மூணுல உருண்டுட்டா, அவன் திரும்பத் தூக்குறதுக்குள்ள ரெண்டு வெட்டு வெட்டலாம். நீங்க மூணாவது வெட்டுக்கு ஆசைப்படுவீக. அங்கனதான் சாவீக.”

“தலைக்கவசத்தைக் கழட்டுன பொறவு?”

“திரி பாதியாயிரும். ரெண்டுல உருளணும்.”

“நீ எத்தனை தடவை செத்த?”

“எண்ணல. திரி நீளம் தெரியுற வரைக்கும் சாகத்தான் செய்யணும்.” என் தோளில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டாள். “நீங்க கொட்டு, கதவுன்னு என்னென்னமோ சொன்னீக. எனக்கு அவனைப் பிடிச்சதே, அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டு அடிக்கிறான்னுதான். அன்னைக்கு ஆஸ்பத்திரியில பதினோரு நாளும் டாக்டர் மூஞ்சியில ஒரு அடையாளமும் தெரியலங்க. எப்ப என்ன விழும்னே தெரியாம ஒக்காந்திருந்தேன். அதான் ஆத்தாட்ட நேந்தேன். நேந்ததைக் குடுக்காம எப்பிடி இருக்கிறது?”

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இத்தனை நாள் இவளை ஏமாற்றினேனே என்று வெட்கமாக இருந்தது. இடது பக்கத்தை நானே திருப்பிக் கொடுத்தேன். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை நல்லபடியாக முடிந்திருக்கும்.

ஆனால் முடியெடுக்கிறவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. தலை போனதும் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தில் மீசை மட்டும்தான் மிச்சம். நிமிர்ந்து உட்கார்ந்து அதை ஒரு முறுக்கு முறுக்கினேன்.

“சரி, இரும்பன் நேர்மையானவன், சொல்லிட்டு அடிப்பான். அடுத்த கதவுக்குள்ள இருக்கானே ரெட்டைத் தலையன், அவனுக்குத் தோளே கெடையாது. அவன்கிட்ட ஒன் திரிக் கணக்கு பலிக்காது. அவனை மட்டும் நீ கொன்னுரு, இந்த மீசையையும் இதே எடத்துல எடுத்துருறேன். ஆத்தா மேல சத்தியம்.”

செல்லத்தாய் முடியெடுக்கிறவரைப் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணே, கத்தியை மடக்கிராதீக. அவன் புதன்கெழமையே செத்துட்டான்.”