கோச்சே சொல்லிவிட்டார்

வீட்டுக்கு வந்து கை நனைத்துவிட்டுப் போன கோச்சைக் கடைசிவரை நம்பும் அப்பா என்றொரு இனம் எங்கள் அலபாமாவில் செழித்து வளர்கிறது. பார்த்ததில்லையா? டயர் கடை வெர்னன் ப்ரூயிட்டைப் பாருங்கள். மகன் டெஸ்மண்ட், ஆளோடு ஆள் மோதும் அமெரிக்க ஃபுட்பாலில் எதிராளியை மூட்டைபோலப் புரட்டிப் போடுகிறவன். பள்ளி முடியுமுன்பே கல்லூரிகள் வலை வீசின.

ஒரு கல்லூரியின் தலைமைக் கோச் வீட்டுக்கே வந்தார். வறுத்த கோழியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நாயைத் தடவிக்கொடுத்தார், வெர்னனின் தோளில் கைபோட்டு, "இவன் பட்டம் வாங்குற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன். இனி இவன் என் புள்ள" என்றார். போதாதா? மறுநாளே காரில் கல்லூரிக் கொடி. பஞ்சர் ஒட்ட வந்தவர்களுக்கெல்லாம் கோச்சின் குணநலன் இலவசம்.

டெஸ்மண்டுக்குக் கால்நடை மருத்துவத்தில் ஆசை. அங்கே அந்தப் படிப்பே கிடையாது. படிப்பு எங்கும் கிடைக்கும், இப்படியொரு மனிதர் கிடைப்பாரா என்று வெர்னன் அவன் வாயை அடைத்துவிட்டார்.

கல்லூரி அணியில் சேரக் கையெழுத்துப் போடவேண்டிய வாரம், கோச் பெரிய சம்பளத்துக்கு வேறு மாநிலம் போய்விட்டதாக டிவி சொன்னது. வெர்னன் போன் செய்தார். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பார் என்றார். நாள் முழுக்கக் குளிப்பவர் உண்டா? வெர்னனுக்கு உண்டு.

புதுக் கோச் வந்தார். அதே கோழி, அதே தோள், அதே "என் புள்ள". வெர்னன் கண்கலங்கிவிட்டார்.

"பழைய ஆள் மாதிரி இல்ல இவரு. கண்ணப் பாத்தாலே தெரியுது."

"போன ஆளோட கண்ணையும் நீங்கதான பாத்தீங்க?" என்றாள் மனைவி லொரெட்டா.

டெஸ்மண்ட் மெதுவாகச் சொன்னான்: "இவரும் போவாருப்பா. அடுத்து வர்றவருக்கு என் பேரே தெரியாது. முட்டி போச்சுன்னா எனக்கு மிஞ்சப்போறது படிப்பு மட்டுந்தான்."

கால்நடைப் படிப்பு உள்ள சின்னக் கல்லூரியில் கையெழுத்திட்டான். அங்கேயும் ஆட்டம் தொடங்குமுன்பே கோச்சை நீக்கிவிட்டார்கள். புதியவர் அவனை ஒரு ஆட்டப் பருவம் முழுக்க ஆடவிடாமல் வெளியே உட்கார வைத்தார். அவமானம்தான், வலித்தது. ஆனாலும் காலையில் எழுந்து கன்றுக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டான். மாடுகள் சம்பளம் பார்த்து ஊர் மாறுவதில்லையே.

பார்க்கப் போன வெர்னன், அந்தப் புதியவரோடு காபி குடித்துவிட்டுத் திரும்பினார். "இவரு தங்கம். எங்கயும் போகமாட்டாரு."

சிரிக்கிறீர்களா? "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி உங்களை வேலைக்குச் சேர்த்தாரே, அந்த மேலாளர் இப்போது எந்த நாற்காலியில் இருக்கிறார்? நானும் விசாரித்தேன். என்னுடையவர் டெக்சாஸில் இருக்கிறாராம். நல்ல மனிதர். ஏதோ சூழ்நிலை.