மன்னிப்பு போர்மேன்

சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ வகை வெடி தயாராகிறது. அத்தனையிலும் ஆபத்தானது எங்கள் போர்மேன் கேட்கும் மன்னிப்புதான். வெடியாவது திரி கொளுத்தினால்தான் வெடிக்கும். இவருடைய மன்னிப்பு, நாம் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று வெடிக்கும்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. கம்பெனி முழுக்க அவர் பெயர் 'மன்னிப்பு'.

நான் அங்கே டெஸ்பாட்ச் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வாரமே ஒரு மன்னிப்பைப் பார்த்தேன். மேனேஜர் முந்தின நாள் மீட்டிங்கில் ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார். பேச்சு பிரமாதம் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மன்னிப்பு நேராக அவர் மேசை முன்னால் போய் நின்றார்.

"சார், நேத்து நீங்க பேசும்போது, இந்த மனுசன் எப்ப வாய மூடுவாருன்னு மனசுக்குள்ள பதினோரு தடவ நெனச்சிட்டேன். பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருங்க."

"பதினோரு தடவையா?"

"பன்னெண்டாவது தடவ நெனைக்கப் போனேன். அதுக்குள்ள தூங்கிட்டேன் சார்."

அன்றிலிருந்து எங்கள் மீட்டிங்குகள் பத்து நிமிடத்தில் முடிந்தன. அந்த ஒரு காரணத்துக்காகவே தொழிலாளர்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள்.

முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் மொய்க் கவரோடு மேடையேறியவர், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் சூழ்ந்து நிற்க, "மொதலாளி, பந்தியில ரசத்தைக் குடிச்சிட்டு, இம்புட்டு பெரிய ஆளு வீட்டுல உப்புக்குப் பஞ்சமான்னு நெனச்சிட்டேன்" என்று கைகூப்பினார். முதலாளி சிரித்த முகத்தோடு போட்டோவுக்கு நின்றார். அந்தப் போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருக்கும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று விசாரித்தால், காரணம் அவருடைய பங்குச் சாமியார். தவக்காலத்தில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நிற்பவர்கள், முன்னால் மன்னிப்பு நிற்பதைக் கண்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். அவ்வளவு பாவமும் பெரும்பாலும் மனதில் நினைத்த பாவம். உட்கார்ந்தே முழங்கால் பிடித்துப்போன சாமியார் ஒருநாள் பொறுக்க முடியாமல், "மனுசங்களுக்கு விரோதமா பண்ணுனத மொதல்ல அந்தந்த மனுசங்ககிட்டப் போயிச் சொல்லிட்டு வாய்யா" என்று சொல்லிவிட்டார். கூட்டம் குறையட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சாமியாரின் முழங்கால் பிழைத்தது, நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

"மனசுல நெனச்சதெல்லாம் பாவமாண்ணே? வெளிய சொல்லாட்டி யாருக்கு என்ன நட்டம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்ம தொழில்ல இருந்துக்கிட்டு இப்படிக் கேக்கீகளே சார். வெளிய தெரியிறது திரிதான். மருந்து உள்ளதான இருக்கு?"

விடவில்லை நான். முதல் மனிதன் செய்த பாவம் மனிதகுலத்துக்கே வந்தது என்கிறீர்களே, யாரோ ஒருவன் செய்ததற்கு எல்லோரும் எப்படிப் பொறுப்பு என்று மடக்கினேன். அவர் மருந்து செலுத்தும் அறையைக் கைகாட்டினார். "அங்கன நாலு பேரு வேல பாக்காக. ஒருத்தர் கைதவறுனா அந்த ஒருத்தருக்கு மட்டுமா சார்?" நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

காலையில் வேன்கள் வந்து இறங்கியதும் எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடுவார்கள். மன்னிப்பு முதலில் தன் முந்தின நாள் பாவங்களைச் சொல்லுவார். "நேத்து மீந்த மருந்தக் கழிச்சாச்சான்னு பாக்காமப் போயிட்டேன்" என்கிற மாதிரி. ஆரம்பத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருந்து அறையில் மூத்தவரான மாரியம்மாள், "எங்க இருக்கன்குடி ஆத்தா வருசத்துக்கு ஒருவாட்டி பொங்க வச்சா விட்டுருவா. ஒங்க சாமி தெனமும் கூப்பிட்டு விசாரிக்காகளே" என்று கேலி செய்வார். ஆனால் சில மாதங்களில் அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். வளையலைக் கழற்ற மறந்தது, உடம்பு மின்சாரத்தை இறக்கும் வாசல் செம்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே போனது எல்லாம் வெளியே வந்தன. மன்னிப்பு கொடுக்கும் தண்டனை எப்போதும் ஒன்றுதான்: மணல் வாளிகளை நிரப்ப வேண்டும். எங்கள் கம்பெனியில் இருந்த மணல் உவரிக் கடற்கரையில்கூட இருக்காது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

தீபாவளி சீசன். கேட்டிலேயே செல்போனைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒருநாள் மறந்து பையில் போனோடு வந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கிரிக்கெட் மேட்ச், ஞாபகமாகவே கொண்டுவந்தேன். அன்றும் ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள், லோடுக்கு எத்தனை பெட்டி தயார் என்று கேட்க மருந்து செலுத்தும் அறைக்குள் போனவன், மூலையில் நின்று ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், வாசலில் மன்னிப்பு. என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை வேப்பமரத்தடிக்கு மேனேஜரையும் அழைத்து வந்திருந்தார்.

"நேத்து மருந்து ரூமுக்குள்ள ஒருத்தர் செல்போனோட நின்னதப் பாத்தேன். ஆபீஸ் ஆளு, நாலு பேரு முன்னால சொன்னா மனசு வருத்தப்படுவாருன்னு பேசாமப் போயிட்டேன். நாலு உசுரவிட அவரு மொகம் எனக்குப் பெருசாப் போச்சு. மாரியம்மாக்கா, ஒங்க நாலு பேருகிட்டயும் மன்னிப்பு கேக்கேன். பாத்தும் பாக்காமப் போற போர்மேன் இங்கன ஆகாது. நான் வேலைய விட்டு நின்னுக்கிடுறேன் சார்." சாவிக்கொத்தை மேனேஜர் கையில் வைத்தார்.

"யாருய்யா அந்த ஆளு?" என்றார் மேனேஜர்.

"அது அவரு பாவம் சார். அவருதான் சொல்லணும். நான் எம்பாவத்தத்தான் சொல்ல முடியும்."

செல்போனோடு பிடிபட்டால் அன்றே சீட்டுக் கிழியும். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பேசாமல் நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த மனிதர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பின்னாலிருந்து பார்க்கையில் அவர் சட்டைக் காலர் கிழிந்து, திருப்பித் தைத்திருந்தது. ஏனோ அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. மாரியம்மாள் மட்டும் என் முன்னால் வந்தார். "எம்மகளுக்குத் தை மாசம் கல்யாணம் சார். நீங்க ஸ்கோரு பாத்தீக." அவ்வளவுதான் சொன்னார். என் வாழ்க்கையில் வாங்கிய அடிகளில் இன்னும் வலிப்பது அதுதான். அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர், "சரி, இனி பாக்காதீக" என்றார். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "அண்ணன் போனா நாங்களும் ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டோம்" என்றார்.

மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மன்னிப்பு திரும்பி வந்து, "சார், இப்ப ஒங்களப் பத்தி மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சிட்டேன்" என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம், சொல்லாதேயும்" என்றார் மேனேஜர் அவசரமாக. சாவிக்கொத்து மன்னிப்பின் கைக்குத் திரும்பியது. அந்த சீசன் முடியும்வரை கேட்டில் உட்கார்ந்து எல்லோருடைய செல்போனையும் கூடையில் வாங்கி வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மாரியம்மாள் தினமும் கூடையில் போனைப் போடும்போது, "ஸ்கோரு என்ன சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் மணல் வாளிகளும் என் பொறுப்பு.

வாளி நிரப்பிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் மன்னிப்பு பக்கத்தில் உட்கார்ந்தார். "மொத நாளு மறந்து கொண்டாந்தது தப்பு சார், அம்புட்டுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகலையேன்னு நெனச்சீக பாருங்க, எனக்குத் தெரிஞ்ச பாவம் அதுதான். நானும் அன்னைக்கு அதத்தான் நெனச்சேன்." சொல்லிவிட்டு அவரும் ஒரு வாளியை நிரப்பத் தொடங்கினார்.

இப்போது ஓய்வு பெற்றுச் சாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போன் செய்தார். "சார், வாரப் பத்திரிகையில நீங்க எழுதுறதப் படிச்சேன். இதுக்கு நம்ம வெடிப்பெட்டி லேபிளையே படிச்சிருக்கலாமேன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

மன்னித்தேன். பதிலுக்கு, அவரைக் கேட்காமலே அவரைப் பற்றி இதை எழுதியிருக்கிறேன். இதழ் வந்ததும் பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். போவதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அந்த வீட்டில் வெடியும் கிடையாது, மருந்தும் கிடையாது. இருந்தாலும் செல்போனை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.