மாப்பிள்ளை கோட்டும் என் கழுத்தெலும்பும்

பாகூர்,
9-9-1984.

மதிப்புக்குரிய மச்சான் பஷீர் அகமது அவர்களுக்கு, தையற்கடை ஷேக் மைதீன் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை மெஹர் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் என் கழுத்தும் சுகம். வில்லியனூரில் உங்கள் அனைவருடைய கழுத்தும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் மகள் நூருன்னிசா நிக்காஹுக்கு மாப்பிள்ளை கோட்டுத் துணி எடுத்தாயிற்று, நீங்கள் தைப்பீர்களா, கரிக்கலாம்பாக்கம் டெய்லர் உலகநாதனிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவள் பிறந்த அன்றைக்கே அந்தக் கோட்டு என் கையால்தான் என்று வாக்குக் கொடுத்தவன் நான். அதனால் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

பொங்கல் கழிந்ததும் என் தையல் மிஷினுக்கு உடம்பு கெட்டது. அப்படித்தான் நான் நினைத்தேன். மிதித்தால் ஓடவில்லை, நூல் அறுந்தது, ஊசி கோணலாக இறங்கியது. பெல்ட்டை மாற்றினேன், எண்ணெய் விட்டேன், குருவிநத்தம் மெக்கானிக் குழந்தைவேலை மூன்று தடவை வரவழைத்துக் கழற்றிப் பூட்டினேன். கத்தரி கையிலிருந்து விழுந்தது, கத்தரியை மாற்றினேன். பொத்தான் விரலில் நிற்காமல் நழுவியது, வழுக்கும் பொத்தானை விற்றதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட்டேன். நடந்தால் மெத்தைமேல் நடப்பதுபோல் இருந்தது, செருப்பை மாற்றினேன். மூன்றாம் தடவை வந்த குழந்தைவேல் தானே உட்கார்ந்து மிதித்தான். மிஷின் குதிரையாக ஓடியது. "பாய், மிஷின் நல்லாத்தான் கீது. நீ எறங்கு, ஒன்னத்தான் கழட்டிப் பாக்கணும்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் கூலி கொடுக்கவில்லை. (நான் கொடுத்துவிட்டேன். – மெஹர்.)

பிறகு சோரியாங்குப்பத்தில் சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் கழுத்தைக் கொடுத்தேன். அவர் முறுக்கிய முறுக்கில் இரண்டு கையும் மரத்துப்போய், சோற்றை உங்கள் தங்கை ஊட்ட வேண்டியதாயிற்று. அப்போதுதான் பயந்தேன், மச்சான். சாவுக்கல்ல, கைக்கு.

மெட்ராஸுக்குப் போனோம். அங்கே டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கழுத்தெலும்புகளைப் பின்பக்கமாகச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார் எலும்பாகவே மாறி, கைகாலுக்குப் போகும் தண்டு நரம்பை நெருக்குகிறது என்றார். காலருக்குள் வைத்த கேன்வாஸ் தகடானதுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இனிமேல் யாரிடமும் கழுத்தைக் கொடுத்து முறுக்கச் சொல்லாதீர்கள் என்று நன்றாகத் திட்டினார். முன்னால் பிரித்து அந்த எலும்பையே எடுப்பது ஒரு வழி, பின்னால் பிரித்து நரம்புக்கு இடம் விடுவது ஒரு வழி என்றார். நான் விடுவேனா. "முன்னாடியே பிரிங்க டாக்டர். முப்பது வருஷமா ஆம்பள சட்டதான் தைக்கிறேன். பின்னாடி தொறக்கறது பொம்பளைங்க ஜாக்கெட்டுக்கு" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. "ஒரு எலும்பு, ரெண்டு எலும்புன்னா முன்னாடி போலாம். உங்களுக்கு நாலு எலும்பு நீளத்துக்கு இறுகியிருக்கு, முன்னாடி போனா நரம்புக்கு ஆபத்து ஜாஸ்தி" என்றார். பின்னால் கூரைபோல் மூடியிருக்கும் எலும்பை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் மடிப்பாக விட்டு, கதவைப்போல் திறந்து நிறுத்துவார்களாம். ஜப்பான்காரர்கள் சில வருஷமாகச் செய்கிறார்களாம். இறுகிப்போன சட்டையைக் கிழிக்காமல் பிரித்து லூசு விடுகிற வேலை என்று புரிந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். (பேனாவைப் பிடிக்க முடியாமல் அழுதார். கைநாட்டுத்தான். – மெஹர்.)

ஆடி மாதம் ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் "வெரல அசைங்க" என்றார்கள். அசைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். இனி மேற்கொண்டு கெடாது, போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, பொறுமையாயிருங்கள் என்று டாக்டர் சொன்னார். இப்போது சுவரைப் பிடிக்காமல் பள்ளிவாசல் வரை நடக்கிறேன், சோற்றை நானே சாப்பிடுகிறேன். கழுத்தில் மாட்டிவிட்ட பட்டைதான் தாங்க முடியவில்லை. ஊருக்கே காலர் வைத்தவனுக்கு இப்படியொரு காலர், தையல் ஒரு பக்கமாக ஓடுகிறது.

ஆக, மச்சான், பதில் இதுதான். இந்தக் கையை நம்பிக் கல்யாணக் கோட்டைக் கொடுக்காதீர்கள். துணியை உலகநாதனிடமே கொடுங்கள். நல்ல தொழில்காரன்தான். மிஷினையும் விலை பேசச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. (இதை நான் நம்பவில்லை. – மெஹர்.)

மச்சிக்கு ஸலாம். நூருன்னிசாவுக்கு நூறு வயசுக்கான துஆ. மாப்பிள்ளைக்கு, அவர் கழுத்து எப்போதும் லூசாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஷேக் மைதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போனவளிடமிருந்து பிடுங்கி இதை நானே எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும், நிதானமாகப் படியுங்கள். இன்று காலை சட்டை போட்டேன். ஐந்து பொத்தானும் நானே. அரை மணி நேரமாயிற்று. ஒரு காஜா தவறி, சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மெஹர் சரிசெய்ய வந்தாள், தொடக்கூடாது என்றுவிட்டேன். அப்படியே கடைத்தெரு முழுக்கப் போய்வந்தேன். மிஷின் விலைக்கு இல்லை. உலகநாதனுக்குக் கோட்டில் தோள் வைக்கத் தெரியாது. துணியைக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாப்பிள்ளையையும் கூட்டி வாருங்கள், டேப்பை நான் பிடிக்கிறேன்.