பல் அடைத்த படகு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. என் முழங்கால் வலி உட்பட இங்கு யாவரும் நலம். அத்தான் என்னைப் பற்றிக் கேட்டால் இன்னும் திருந்தவில்லை என்று சொல், மகிழ்ச்சி அடைவார்.

விஷயம் இதுதான். அப்பா விற்ற நம் படகு கிடைத்துவிட்டது! அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு மேலே படி.

ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் படகுத்துறைப் பக்கம் நடக்கப் போகிறேன். அங்கே கடைசி வரிசையில் ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகு. பெயர் கிடையாது, கம்பெனித் தகடு கிடையாது, பாசி மட்டும் தாராளம். யாருடையது, யார் கட்டியது என்று எவருக்கும் தெரியாததால் மாதக் கடைசியில் அறுத்துக் குப்பையில் போடப் போகிறார்களாம். பாய் தைப்பவர் முன்பக்கத்தைப் பார்த்து ஒரு கம்பெனியைச் சொன்னார், பெயின்டர் பின்பக்கத்தைப் பார்த்து வேறொன்றைச் சொன்னார், இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கோ பார்த்ததுமே நம் படகு என்று பட்டுவிட்டது. படகுத்துறை மேனேஜரிடம் கெஞ்சி உள்ளே இறங்கினேன், இறங்கும்போதே மண்டையில் இடித்தது, சின்ன வயதில் இடித்த அதே இடம் அக்கா! பிறகு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். வெள்ளைக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் பழுப்பேறிய ஒரு திட்டு. பல் சிமென்ட்! பாறையில் மோதி விரிசல் விழுந்தபோது அப்பா தன் பல் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்து அடைத்து, "ரெண்டு மணி நேரம் எதையும் கடிக்கக் கூடாது" என்று படகிடம் கண்டிப்பாகச் சொன்னாரே, நீ சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் விழுந்தாயே, அந்தத் திட்டு. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அப்பாவை மனசு ரொம்பத் தேடுகிறது அக்கா.

இது எங்கள் படகு, அறுக்காதீர்கள் என்று எவ்வளவோ சொல்லியும் மேனேஜர் அசையவில்லை.

"பல் டாக்டர் படகுன்னு ரெஜிஸ்டர்ல நான் எப்படி சார் எழுத முடியும்? உங்களைத் தவிர இன்னொருத்தர் வந்து இதுதான்னு சொல்லட்டும், விட்டுடறேன்."

அந்த இன்னொருத்தர் இந்த உலகத்தில் நீ மட்டும்தான். உடனே கிளம்பி வா.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், என்னைவிட உயரமாகிவிட்டார்கள் என்பதற்காக ஆசியைக் குறைக்க முடியாது.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பாய் தைப்பவர் வந்தார். சுக்கானைக் கழற்றிப் பார்த்தாராம். வார்க்கும்போதே பதித்த வருஷம் உள்ளே இருக்கிறது. அப்பா போய் ஐந்து வருஷம் கழித்துத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். திட்டும் பல் சிமென்ட் இல்லை, காருக்குப் பூசுகிற பட்டியாம். ஆக, இது நம் படகே இல்லை. இது அப்பாவைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தேய்க்கும்போதெல்லாம் அவரைப் பற்றி அதனிடம் அவ்வளவு பேசிவிட்டேன், இனி அறுக்க விட முடியாது. நீ எப்படியும் வா. வந்து மேனேஜர் முகத்தைப் பார்த்து, கூசாமல், "இதுதான்" என்று சொல்.