ஐந்தாவது எலுமிச்சம்பழம்

கெலுகோர்,
புதன்கிழமை.

அன்புள்ள மகன் சுஜீவனுக்கு, அப்பா கனகசுந்தரம் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். காரும் சுகம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸாப்பில் எழுதினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய்.

"இன்னொரு தடவ கார் நின்னா சாவிய வாங்கிடுவேன்பா, எழுபத்தாறு வயசுல ஓட்டினது போதும் லா" என்று போன மாதம் சொன்னாய். நேற்றுக் கார் நின்றது உண்மை. ஆனால் குற்றம் என்னுடையது இல்லை. ஆயுத பூஜைக்கு அம்மா நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், நான் அவற்றை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும், அவ்வளவுதான், முடுக்கினேன், இருமியது, நின்றது, மறுபடி முடுக்கினேன், மறுபடி இருமியது, பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், பூஜைக்குக் கட்டிய வேட்டி கறுப்பானது, முதுகு பிடித்துக்கொண்டது, கடைசியில் மெக்கானிக் வாசு வந்து பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இன்ஜினுக்கு ஒன்னுமில்ல லா. மூச்சு விட வழி இல்ல" என்றான். புகைக்குழாய்க்குள் ஐந்தாவது எலுமிச்சம்பழம்! தோசைக் கரண்டிக் காம்பால் குத்தித் திணித்திருக்கிறாள். கேட்டால், "கண்ணூறு முன்னால இருந்தா வருது? நீங்க ஓட்டுற வேகத்துக்குப் பின்னால வர்றவன்தானே திட்டுறான்!" என்கிறாள்.

உட்காரவைத்து விளக்கினேன். இன்ஜினுக்கு நான்கே வேலை: காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும், அமுக்கும், பொறி வைத்து வெடிக்கும், புகையை வெளியே தள்ளும். பழைய புகை போகாவிட்டால் புதுக் காற்றுக்கு இடமேது? காற்று, பெட்ரோல், பொறி, இதில் ஒன்று குறைந்தாலும் ஓடாது, அறிவுள்ளவன் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பான் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த வருஷம் சின்ன பழமா வைக்கிறேன்" என்றாள். எனக்குச் சலித்துவிட்டது, மகனே.

ஆகையால் சாவி என்னிடமே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை கோயில், ஒரு தடவை பசார். அதற்கும் உன்னை அக்கரையிலிருந்து கடல் பாலம் கடந்து வரச்சொல்ல எனக்கு மனமில்லை. கார் போனால் வீட்டோடு கிடக்கும் கிழவனாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

செபராங் ஜெயாவில் உன் காரியமெல்லாம் இடையில் நிற்காமல் ஓட முருகன் அருளட்டும். மருமகள் ராகினிக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் காரில் புறப்பட்டேன். சிக்னலில் நின்றுவிட்டது. இறங்கிப் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் இல்லை. பெட்ரோலும் இல்லை. பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் திட்டினார்கள். அதில் மட்டும் அம்மா சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை வந்து சாவியை வாங்கிக்கொள்.